பரண் கதவு போட வந்தவர்

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டைப் புதுப்பித்தபோது, குளியலறைக்கு மேலிருந்த பரணுக்குக் கதவு போட ஒரு தச்சர் வந்தார். பரணின் வாசல் குளியலறைக் கூரையிலேயே இருந்தது. ஏணியைப் போட்டுவிட்டால் வேறு யாரும் உள்ளே நுழைய முடியாது. வீட்டில் இருந்ததோ அந்த ஒரு குளியலறைதான். அப்பாவுக்குச் சர்க்கரை நோய், அடிக்கடி போக வேண்டும்.

தச்சருக்குத் தலையெல்லாம் மரத்தூள், ஒரு முழங்காலில் துணிக்கட்டு. அப்பாவின் ஊன்றுகோல் சத்தம் கேட்டதுமே, படிக்குப் படி வலியில் முகம் சுளித்தபடி இறங்கிவிடுவார். ஏணியை வெளியே எடுத்து, தரையைத் துடைத்துவிட்டுத்தான் வழிவிடுவார். பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கே அலுத்துப்போனது.

மதியம் அப்பா கூசிப்போய் நின்றார். "ஒம்ம வேலையக் கெடுக்கேன்."

"நீங்க வந்தாத்தான்யா நான் செத்த நேரம் உக்கார முடியுது. நிதானமா போயிட்டு வாங்க."

அப்பா உள்ளே போனதும் தச்சரின் போன் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அடுத்த வேலை வீட்டுக்காரர். "இன்னைக்கு வர ஏலாது. இங்க மரம் சரியில்ல, வேலை இழுக்குது," என்றார் தச்சர். நல்ல மரமாகப் பார்த்து வாங்கி வைத்திருந்த நான் விழித்தேன்.

"உண்மையச் சொன்னா அய்யா காதுல விழும்ல," என்றார் என்னிடம் மெதுவாக.

பொழுது சாயும்போது கதவைப் பொருத்திவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

"முட்டுவலிக்காரன், பாவம். நான் அடிக்கடி போகலன்னா உக்காந்திருக்கவே மாட்டான்," என்றார் அப்பா. உடம்புக்கு முடியாமல் போன பிறகு, தன்னால் ஒருவருக்கு உபகாரம் என்று அவர் பேசியது அன்றுதான்.