நீலக் குடத்துக்கு எண்ணெய்க் காப்பு

எனக்கு வயது தொண்ணூற்று ஒன்று. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு பேரும் பசியாறாமல் பள்ளிக்கூடம் போன நாள் கிடையாது. இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

சுங்கை காடுட்டில் மகன் வீட்டில், கண்ணாடி போட்ட அலமாரியில் என் நீலச் சாமான்கள் இருக்கின்றன. ஏழு. வருகிறவர்கள் பீங்கானா என்று கேட்பார்கள். பீங்கான் இல்லை. வெள்ளைக்காரன் கல்லு மாதிரி இறுகச் சுட்டெடுத்த மண். பளபளப்பு இருக்காது, தடவினால் முட்டை ஓட்டைத் தடவுகிற மாதிரி இருக்கும். நீலத்தின்மேல் வெள்ளை உருவங்கள் புடைத்து நிற்கும். துணி சுற்றிய பெண்கள், ஆட்டுக்குட்டி, திராட்சைக் கொடி. வெள்ளை மெல்லிசாக இருக்கிற இடத்தில் அடியிலிருக்கும் நீலம் லேசாகத் தெரியும். பெண்ணின் துணி மடிப்பில் அதைப் பார்க்க வேண்டும். நல்ல வேலையா இல்லையா என்பது அங்கேதான் தெரியும்.

இதெல்லாம் நான் தெரிந்துகொண்டது லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவில். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம் நடந்த சமயம். துரையின் மனைவி, துரைசாணி, இந்தச் சாமான்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். துடைப்பது என் வேலை. கப்பலில் பார்சல் வருகிற அன்று அவர் சாப்பிட மாட்டார். தரையில் உட்கார்ந்து வைக்கோலைப் பிரித்து, ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அடியில் குத்தியிருக்கும் எழுத்தைப் பார்ப்பார். பிறகு வெள்ளை உருவத்தின் ஓரத்தில் நகத்தை ஓட்டுவார். பழசு என்றால் ஓரம் கத்தியால் வெட்டியது போல இருக்கும். புதுசு மழுங்கியிருக்கும். எனக்கும் கற்றுக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு நகத்தாலேயே சொல்லிவிடுவேன். அவர் கை தட்டுவார்.

"இது கண்ணாடி இல்லே. பீங்கான் இல்லே. கல்லு. தெரியுதா? கல்லு" என்பார் தன் தமிழில்.

குசினியில் சமைக்கிறவர் என்னைவிட மூத்தவர். அண்ணே என்று கூப்பிடுவேன்.

"என்ன தங்கச்சி, ராணிங்களைக் குளிப்பாட்டியாச்சா? இந்தச் சட்டிங்களுக்கு இருக்குற மரியாதை எனக்கு இருந்தா நான் ஏன் அடுப்புல வேகுறேன்?"

"சட்டின்னு சொல்லாதீங்கண்ணே. காதுல விழுந்தா உங்களையும் அலமாரியில ஏத்திருவாங்க."

"ஏத்தட்டும்லா. உக்காந்துக்கிட்டே சம்பளம் வாங்குறேன்."

அந்த வருடம் நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். காட்டில் இருந்தவர்களுக்குச் சோறு போகக்கூடாது என்று, வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி, ஒரு பிடி சோறு கொண்டுபோகக்கூடாது. கேட்டில் எல்லாரையும் தடவிப் பார்த்துத்தான் பால் எடுக்க மரம் வெட்ட விடுவார்கள். மாரியம்மன் கோயிலும் வேலிக்கு வெளியே போய்விட்டது. கும்பிடப் போக முடியாது.

என் வீட்டுக்காரருக்கு வயிற்றுப் புண். பத்து மணிக்கு ஏதாவது உள்ளே போகாவிட்டால் மரத்தடியில் சுருண்டு விழுவார். ஒரு நாள் விடிகாலையில் ஒரு பிடி சோற்றை இலையில் கட்டி அவர் இடுப்பில் செருகினேன். "வேணாம், பொறுத்துக்குவேன்" என்றார். "பேசாம போங்க" என்றேன். கேட்டில் பிடித்துவிட்டார்கள். அப்படியே லாரியில் சிரம்பானுக்குக் கொண்டுபோனார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அழுகையும் வரவில்லை. சோறு ஆக்கினேன், பிள்ளைகளுக்குப் போட்டேன், பங்களாவுக்குப் போனேன். மூன்று பிள்ளைகள். நான்காவது வயிற்றில்.

ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி சொன்னார்: "கடலுக்கு அந்தப் பக்கம், ஊர்ல பொறந்தவங்களைக் கப்பல் ஏத்தி அங்கேயே திருப்பி அனுப்பிடறாங்க. நல்ல வேலைக்காரன், சோறு அவன் வயித்துக்குத்தான்னு துரை ஒரு கடுதாசி கொடுத்தா விட்டுடுவாங்க."

துரைசாணியிடம் போய்ச் சொன்னேன். ஒரு தடவை கேட்டேன். அவர் என் கையைத் தொட்டு, "சனிக்கிழமே துரை எழுதும். நான் சொல்றேன்" என்றார்.

அன்று திங்கட்கிழமை. அலமாரியின் நடுவில் உயரமான குடம் ஒன்று இருந்தது. அதில் ஒரு பெண், நின்றபடி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள். முகம் சாந்தமாக இருக்கும். கோயிலுக்குப் போக வழியில்லை. கல்லு என்று துரைசாணியே சொல்லியிருக்கிறார். கல்லில் இருப்பவளுக்கு எண்ணெய்க் காப்பு போடாமல் எப்படி வேண்டுவது? அவர் எழுந்து வருவதற்கு முன்னால் தேங்காய் எண்ணெயைத் துணியில் நனைத்து, அவள் பாதத்திலிருந்து தலைவரைக்கும் தடவினேன். நெற்றியில் கடுகளவு குங்குமம் வைத்தேன். கும்பிட்டுவிட்டுத் துடைத்தேன். செவ்வாயும் புதனும் அப்படியே செய்தேன்.

வியாழக்கிழமை பார்த்தால் சிவப்பு போகவில்லை. எண்ணெயோடு இறங்கி, கழுத்து, துணி மடிப்பு எல்லாம் ஓடியிருந்தது. சோப்பு போட்டேன், எலுமிச்சை போட்டேன். வெள்ளை உருவம் ரோஜா நிறமானதுதான் மிச்சம். அவளைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புதுப் பார்சல் வந்தது. இடம் பண்ணுவதற்காகத் துரைசாணி குடத்தைத் தூக்கினார்.

"யாரு செஞ்சது?"

குசினிக்காரர் வாசலில் நின்றுகொண்டு, "பல்லி, துரைசாணி. பல்லி எச்சம்" என்றார்.

"சிவப்பு பல்லியா?"

"நான்தான்" என்றேன். "சாமி கும்பிட்டேன். கல்லுன்னு சொன்னீங்க. கல்லுக்கு எண்ணெய் வைக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். "இது சாமி இல்லே. இது வேலைக்காரி. தண்ணி ஊத்துற வேலைக்காரி" என்றார். பிறகு தரையில் உட்கார்ந்து, குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, தன் கவுன் ஓரத்தாலேயே தேய்த்துத் தேய்த்து அழுதார். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக அழுகிறாரே என்று மட்டும் தோன்றியது.

சனிக்கிழமை கடுதாசி எழுதவில்லை. ஆபீசில் கேட்டுவிட்டு வந்து குசினிக்காரர்தான் சொன்னார்.

"போய்க் கேளு தங்கச்சி. கால்ல விழுந்தாலும் தப்பில்ல. புருஷன் விஷயம்."

"ஒரு தடவை கேட்டாச்சுண்ணே."

"மறந்திருப்பாங்க. இன்னொரு வாட்டி போய் நில்லு."

"மறக்கல."

"உன் வீம்பை ஒலையில போட்டா வேகாது, தெரியுமா?" என்று கரண்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

துரைசாணி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. பேசவும் இல்லை. ஞாயிறு போனது, திங்கள் போனது. ஒரே அறையில் அவர் புத்தகம் படிப்பார், நான் துடைப்பேன். வாயைத் திறந்தால் போதும். நான் திறக்கவில்லை. வியாழக்கிழமை கிராணி பங்களாவுக்கே வந்து, கப்பல் ஏற்றிவிட்டார்கள் என்றார். துடைக்க இன்னும் மூன்று சாமான் இருந்தது. துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாளிலிருந்து பங்களாவுக்குப் போகவில்லை. மரம் வெட்டப் போனேன்.

ஊரிலிருந்து அவர் போட்ட கடுதாசி ஒன்று வந்தது. ஆபீசில் நாலு பேர் நிற்கக் கிராணி படித்தார். வயிறு தேவலை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்றிருந்தது. வா என்று இல்லை. நானும் கேட்டு எழுதச் சொல்லவில்லை. பிறகு கடுதாசி வரவில்லை.

வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராக ஊருக்குப் போன காலத்தில் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போனார்கள். முதல் கிண்ணத்தை அப்படித்தான் வாங்கினேன். கூடியிருந்தவர்கள் தட்டு, மேசை என்று பார்த்தார்கள். நான் கவிழ்த்துப் பார்த்து, நகத்தை ஓட்டிப் பார்த்து எடுத்தேன். பிறகு சிரம்பான் பழைய சாமான் கடையில் இரண்டு, கோலா பிலாவில் ஒன்று, இப்படி. அந்த உயரக் குடம் என்ன ஆனது என்று தெரியாது. ஏன் இதையெல்லாம் சேர்க்கிறாய் என்று பிள்ளைகள் கேட்பார்கள். நன்றாக இருக்கிறது, அதனால் சேர்க்கிறேன்.

பிள்ளைகள் பாடம் படிக்கும்போது கூட உட்கார்ந்து கற்ற எழுத்துதான்; இதை எழுதி முடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. பேத்தி வேலை முடிந்து இப்போதுதான் வந்தாள்.

"கை கழுவிட்டு வாம்மா. இதை மொதல்லேர்ந்து சத்தமாப் படி. பிழை இருந்தா இருக்கட்டும். துரைசாணிகிட்ட ஒரு தடவைதான் கேட்டேன்னு எழுதியிருக்கேனா, அதை மட்டும் பாரு."