ஒரு கைக்கு ஏற்ற விளையாட்டு

டயாலிசிஸ் ஓடுகிற நான்கு மணி நேரமும் அக்கா இடது கையை அசைக்கக் கூடாது. ஊசி ஏறியிருக்கும் கை அது. கொஞ்சம் புரண்டாலும் மெஷின் கத்தும், நர்ஸ் ஓடி வந்து கன்னடத்தில் அதட்டுவார். மிச்சம் இருப்பது வலது கை ஒன்றுதான். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் உதிரி பாகங்களைச் சோதித்து, பழுதானதைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த கை. வாரத்துக்கு மூன்று முறை ஸ்ரீராம்புரம் வீட்டிலிருந்து அவளை ஆட்டோவில் கூட்டிப் போவேன். கட்டிலுக்குப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்துவைத்து ஆபீஸ் வேலை பார்ப்பேன், பார்ப்பது போலாவது உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் திரும்பி வருகிற வழியில் ஆட்டோவிலேயே சொன்னாள்.

"இனிமே நான் வரலடா. போதும்."

நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஏற்கெனவே போய் நின்றிருந்தேன். எனக்கே சர்க்கரை இருக்கிறது, ஆகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அழுது பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். அடுத்த தடவை கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் போனேன். அங்கே உட்கார்ந்து என்ன செய்தேன் தெரியுமா? வீடியோ கேம் ஆடச் சொன்னேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை.

கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்கு ஜப்பான்காரர்களின் ரோல்-பிளேயிங் கேம்கள் மேல் பைத்தியம். சின்ன ஊரிலிருந்து ஒருவன் கிளம்புவான், வழியில் நாலு பேர் சேர்வார்கள், கடைசியில் பெரிய அரக்கனை வீழ்த்துவார்கள். அக்கா என் போனை எட்டிப் பார்த்தாள்.

"மூஞ்சி பூரா கண்ணாவே இருக்கு இதுங்களுக்கு. சின்னப் பசங்க சமாச்சாரம்டா இது. எனக்கு வேணாம்."

பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். அவளுக்கு எது சரிப்படும் என்று யோசிக்காமல் எனக்குப் பிடித்ததைத் திணித்தேன். அதில் நாம் யோசிக்கும்போதே எதிரி பாய்ந்துவிடுவான். பதற்றத்தில் அக்கா இடது கையைத் தூக்கிவிட்டாள். மெஷின் அலறியது. நர்ஸ் அவளை விட்டுவிட்டு என்னைத் திட்டினார். அக்கா போனைக் கட்டிலில் போட்டாள்.

"அதுலயும் சாவுதான் எனக்கு. விட்றுடா."

நான் வெளியே போய் லிஃப்ட் பக்கத்தில் நின்று அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அங்கேயே நின்று தேடினேன். பழைய பாணியில் முறை வைத்து ஆடுகிற கேம்கள் உண்டு. நாம் ஓர் அடி, எதிரி ஓர் அடி. நம் முறை வந்தால் நாம் முடிவெடுக்கும்வரை அரக்கன் சும்மா ஆடி அசைந்துகொண்டு நிற்பான். கட்டை விரல் ஒன்று போதும். அந்த ரகத்தில் இருப்பதிலேயே நீளமானதாகப் பார்த்து இறக்கினேன்.

"நீ யோசிச்சு முடிக்கிற வரைக்கும் அது அடிக்காதுக்கா."

"பிரஷர் பாக்க வந்தாங்கன்னா?"

"அப்பவும் நிக்கும்."

நம்பாமல்தான் வாங்கினாள். ஆங்கில வசனங்களை நான் தமிழில் சொல்லச் சொல்ல, முதல் ஊரில் நாயகன் ஒரு வீட்டுக்குள் நுழைந்து பானையை உடைத்துக் காசை எடுத்தான். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"அடுத்தவங்க வீட்ல பூந்து திருடறான், இவன் உலகத்தக் காப்பாத்தப் போறானாக்கும்!"

ஒரு பெண் காணாமல் போன தன் கழுதையைத் தேடித் தரச் சொன்னாள். "கழுதையத் தேடறதுதான் இவனுக்கு வேலையா?" என்று அக்கா அவளை அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போனாள்.

அன்றைக்கு ஊசியை எடுக்கும்போது என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள், "சரி, இது முடியற வரைக்கும் வரேன். அப்புறம் என்னைய நீ விட்றணும்."

தலையாட்டினேன். வேறென்ன செய்ய? அடுத்த வாரம் நேரத்தை மாற்றலாமா என்று நர்ஸ் கேட்டார். "அடுத்த வாரப் பேச்செல்லாம் வேணாம் சிஸ்டர்" என்றாள் அக்கா.

போன் என்னுடையது, வீட்டில் கொடுக்க மாட்டேன் என்பதால் அந்தக் கட்டிலில் மட்டும்தான் ஆட முடியும். அப்படியும் அவள் பறந்தாள். எந்த அரக்கனுக்கு எங்கே பலவீனம் என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள், தொழிற்சாலைப் பழக்கம். ஆடு ஆடு என்று கெஞ்சியவன், மெதுவாக ஆடு என்று கெஞ்சத் தொடங்கினேன். நாயகனுக்கு லெவல் பத்தாது, திரும்பிப் போய்ச் சின்ன அரக்கர்களை அடித்துப் பலத்தை ஏற்று என்று பொய் சொன்னேன். மருந்துப் புட்டிகளைச் சேர்த்து வை என்றேன். ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் இன்னும் எத்தனை கதவு மிச்சம் என்று எண்ணினேன். வேலையில் தப்புத் தப்பாகச் செய்து மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எவ்வளவு இழுத்தும் அவள் கடைசிக் கோட்டைக்கு வந்துவிட்டாள். வாசலில் நாயகனை நிறுத்தினாள்.

"இதுக்குள்ள போனா முடிஞ்சிடுமா?"

இதில் மட்டும் பொய் வரவில்லை.

"முடிஞ்சிடும்க்கா."

கோட்டை வாசலில் நாயகன் காத்திருந்தான். கட்டை விரல் திரைக்கு மேலேயே நின்றது. நான் மெஷினைப் பார்த்தேன், சிவப்புக் குழாய்களைப் பார்த்தேன், அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நர்ஸ் ஊசியை எடுக்க வந்து பஞ்சை வைத்து அழுத்தினார். அக்கா ஆட்டத்தை அங்கேயே சேமித்துப் போனை என்னிடம் நீட்டினாள்.

"அந்தப் பொம்பளைக்குக் கழுதை கெடச்சுதாடா?"

"எந்தப் பொம்பள?"

"மொத ஊர்ல கேட்டாளே. நாமதான கண்டுக்காம வந்துட்டோம்." செருப்பைக் காலால் துழாவினாள். "திரும்பிப் போய்த் தேடணும். அடுத்த வாரம் எத்தன மணிக்கு வரணும்னு சிஸ்டர கேளு."