புதன்கிழமைக் கோழி

அடிஸ் அபாபா விமான நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய சமையல்கூடத்தில் பகல் ஷிஃப்டுக்குத் தலைவி ஜெனபெச். லாகோஸ், டாக்கர், கின்ஷாசா, ஹராரே என்று கண்டத்தின் பாதி ஊர்களுக்கு இங்கிருந்துதான் விமானம் கிளம்புகிறது. ஏறுகிறவர்களுக்கெல்லாம் இவள் கூடத்துச் சாப்பாடுதான். அவளோ இதுவரை விமானத்தில் கால் வைத்ததில்லை. ஏன் என்று கேட்டால், நான் கட்டி அனுப்பின சாப்பாட்டை நானே டிக்கெட் வாங்கித் தின்ன எனக்கென்ன பைத்தியமா என்பாள்.

புருஷன் செத்த வருஷம், இரண்டு பெண் குழந்தைகளோடு வெங்காயம் உரிக்க வந்தவள். வெங்காயத்திலிருந்து அடுப்புக்கு, அடுப்பிலிருந்து தலைமைக்கு என்று மெல்ல ஏறினாள். மூத்தவளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. இளையவள் நர்ஸுக்குப் படிக்கிறாள். அந்தப் படிப்பு இந்தத் தலைமைச் சம்பளத்தில்தான் ஓடியது. "இது எனக்குப் பொறந்த வீடு" என்று கூடத்தைப் பற்றிச் சொல்வாள், அதில் கொஞ்சமும் மிகை இல்லை.

பிறந்த வீடென்றால் ஒத்துப்போகாத உடன்பிறப்பும் இருக்குமே. அது முலுனெஷ், கோழிக்குழம்புப் பிரிவுக்காரி. தலைமைப் பதவி தனக்கு வந்திருக்க வேண்டியது என்பது அவள் எண்ணம். எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத பிறவி, அதனால் வாரத்துக்கு ஒரு குத்தலாவது ஜெனபெச்சுக்கு விழும்.

அந்த வருஷம் பெரிய நோன்பு முடிந்து ஈஸ்டர் வந்தது. இறைச்சி, பால், முட்டை, வெண்ணெய் எதையும் தொடாமல் ஏறக்குறைய இரண்டு மாதம் கிடந்த ஊர், ஒரே ராத்திரியில் கோழிக்குழம்பு மணத்தது. விமானத்துக்கு ஏது பண்டிகை? ஜெனபெச்சின் ஆட்கள் அன்றும் வேலையில்தான் இருந்தார்கள். வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த மிச்சத்தைத்தான் போய் வழித்தார்கள். அதற்கு ஈடாக, புதன்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் கூடத்திலேயே தங்களுக்கென்று ஒரு விருந்து என்று நிர்வாகத்திடம் அனுமதி வாங்கியிருந்தார்கள். முலுனெஷ் முதல் நாளே வெங்காயத்தைப் பொறுமையாக வதக்கி, அண்டா நிறையக் கோழிக்குழம்பு வைத்து, முட்டைகளை அவித்துப் போட்டு, குளிர் அறையில் பூட்டி வைத்தாள்.

இங்கே புதனும் வெள்ளியும் நோன்பு நாள். ஈஸ்டருக்குப் பிறகு சில வாரங்களுக்கு மட்டும் அது கிடையாது. இது குழந்தைக்கும் தெரியும், ஜெனபெச்சுக்கும் தெரியும். ஆனால் அன்று காலை பலகையில் புதன் என்பதைப் பார்த்ததும் அவள் கை தன் போக்கில் போனது. லாகோஸ் விமானத்துக்குக் கோழி என்று இருக்க வேண்டிய இடத்தில் பருப்பு, கடலைமாவுக் குழம்பு, கீரை என்று எழுதிவிட்டாள். மற்றவர்களுக்கும் அதே பழக்கம்தானே, ஒருத்திகூட ஏன் என்று கேட்கவில்லை. பெட்டிகள் நிறைந்து லாரிக்குப் போகத் தயாராக நின்றன.

முதல் நாள் ராத்திரி வரை விருந்துக் குழம்போடு நின்றதால் அன்று மதியம்தான் வேலைக்கு வந்த முலுனெஷ் கோழி அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

"அக்கா, பண்டிகை வாரத்துல லாகோஸ்காரங்களுக்கு நோன்பு வைக்கப் போறியா?"

ஜெனபெச் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். இனிமேல் கோழிக்குழம்பு வைக்க நேரமில்லை, வெங்காயம் வதங்கவே அரை நாள் ஆகும். போன மாதம் இதே மாதிரி சாப்பாட்டை மாற்றி அனுப்பிய இரவு ஷிஃப்ட் தலைவரை மேலாளர் தெமெஸ்கன் பாத்திரம் கழுவ அனுப்பியிருந்தார். அந்தத் தலைவருக்கு நேர்ந்தது தனக்கும் நேர்ந்தால் மகள் படிப்பு நின்றுபோகும். அதற்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை, பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எல்லார் கண்ணும் குளிர் அறைக் கதவுக்குப் போய், அங்கிருந்து முலுனெஷிடம் வந்தது. அதே கூடத்துக் கோழி, அதே பரிசோதனை முடிந்த அண்டா. எடுத்தால் லாகோஸுக்குப் போதும், எடுத்தால் விருந்து இல்லை. கொடு என்று ஜெனபெச் எந்த முகத்தோடு கேட்பாள்?

முலுனெஷ் சாவியை எடுத்தாள். "டப்பாவ அடுக்குங்கடி. ஆளுக்கு ஒரு துண்டு, ஒரு முட்டை. முட்டைய ஒளிச்சு வைக்கிறவ கைய உடைப்பேன்."

பரிசோதகர் வந்து சூடு பார்த்துக் கையெழுத்துப் போட்டார். லாரி கிளம்பியது. கோழி லாகோஸுக்குப் போய்விட்டது.

ஷிஃப்ட் முடிந்ததும் எல்லாரும் தாம்பாளம் அளவு புளித்த தோசையான இஞ்சேராவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுவில் விமானத்துக்குச் செய்த பருப்பும் கடலைமாவுக் குழம்பும் இருந்தன. ஈஸ்டர் வாரத்தில் கீரை தின்கிற கிறிஸ்தவர்கள் உலகத்திலேயே நாம்தான் என்று முலுனெஷ் ஆரம்பிக்க, சிரிப்பு ஓயவே இல்லை. அப்போது தெமெஸ்கன் உள்ளே வந்து தட்டைப் பார்த்தார். கோழி எங்கே என்று கேட்டார்.

ஜெனபெச் எழுந்து நின்றாள். "தப்பு என்னோடது, ஐயா. இன்னிக்கு நோன்புன்னு நெனச்சு லாகோஸுக்குப் பருப்பு எழுதிட்டேன். இவங்க தங்களோட விருந்த எடுத்து ஏத்தி அனுப்பிட்டாங்க."

தெமெஸ்கன் பலகையைப் பார்த்தார், பிறகு தன் கையிலிருந்த காபியைப் பார்த்தார். அது கறுப்புக் காபி.

"நானும் காலைல பால் வேண்டாம்னுட்டேன்," என்றார். "கோழி போய்ச் சேந்துச்சில்ல? நகந்து உக்காருங்க, எனக்கும் பசிக்குது."

ஜெனபெச்சுக்கு அழுகை முட்டியது. இத்தனை வருஷத்தில் இந்தக் கூடம் தனக்குச் செய்ததெல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. முலுனெஷிடம் திரும்பி ஏதோ சொல்லத் தொடங்கினாள். அதற்குள் முலுனெஷ் இஞ்சேராவைக் கிழித்து, பருப்பை அள்ளிச் சுருட்டி, பெரிய கவளமாக அவள் வாயில் திணித்துவிட்டாள்.

"பேசாத. மெல்லு."

ஜெனபெச் மென்றாள். விழுங்குவதற்குள் அடுத்த கவளம் தயாராக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாயைத் திறந்தாள்.