இயேசுதாசன் காவலிருந்த தண்ணீர்

கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீரை மொண்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெயிலுக்கு நேரே பிடிக்கிறார் இயேசுதாசன். காலையிலிருந்து இது ஒன்பதாவது டம்ளர். "நேத்து டிகாஷன், இன்னிக்கு டீ. அவ்ளோதான் சார் வித்தியாசம்."

சித்தூரில் மாங்கூழ் தொழிற்சாலை வைத்திருக்கும் ரங்கையாவின் பங்களாவுக்கு அவர்தான் வாட்ச்மேன், தோட்டக்காரர். நீச்சல் குளமும் அவர் பொறுப்பு. நான் பின்கட்டு அறையில் வாடகைக்கு இருப்பவன். குளத்தோரம் வந்தால் என்னிடம்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். சத்தம் கேட்டு அடிமண்டி எழுந்துவிடுமாம்.

கலக்கியவரும் அவரே. அவருடைய சபையில் முழுகித்தான் ஞானஸ்நானம். தலையில் தெளித்தால் செல்லாது. இந்த வருஷம் மழையில்லை, நீவா ஆற்றில் வெறும் மணல். ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் வெள்ளை உடுத்தி முழுக வேண்டும். அவர் மகள் ஜெயகுமாரியும் ஒருத்தி. "எங்க பங்களாவுல குளம் கீது" என்று சபை நடுவில் எழுந்து சொன்னார். முதலாளியிடம் தயங்கித் தயங்கி அனுமதி வாங்கினார். புது போர்வெல்லைத் திறந்து நிரப்பினார்.

தண்ணீர் பளிங்காகத்தான் வந்தது. ஆண்டவர் காரியமாயிற்றே, சுத்தமாக இருக்கட்டும் என்று ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டினார். அரை மணியில் குளம் பழுப்பாயிற்று. கறை போக்குகிற சரக்குதானே என்று மேலும் இரண்டு டப்பா கொட்டினார். இன்னும் சிவந்தது.

என்னைக் கூப்பிட்டார். எங்கள் சாந்திபுரம் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான், அதுவும் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. போர் தண்ணீரில் கரைந்திருந்த இரும்பை ப்ளீச்சிங் துருவாக்கிவிட்டது என்று விளக்கினேன்.

"இவ்ளோ படிச்சிக்கினு, ஒரு நாள் முன்னாடி சொல்லக்கூடாதா சார்?"

படிகாரக் கட்டிகளைக் கோணியில் கட்டி, மூங்கில் கழியில் தொங்கவிட்டு, குளத்தைச் சுற்றிச் சுற்றி இழுத்தார். பிறகு கை வைக்கக் கூடாது. துரு தானாக அடியில் இறங்க வேண்டும். அவரால் முடியாதது அந்தச் சும்மா இருத்தல்தான். காக்கை குளிக்க வந்தால் கை தட்டாமல் துண்டை வீசி விரட்டுவார்.

மாடியிலிருந்து ரங்கையா எட்டிப் பார்த்தார். "ஏமய்யா தாஸு, நீள்ளா, காபீயா?" தண்ணீரா காபியா என்று கேலி.

தெளிந்துவிடும் என்று இயேசுதாசன் தெலுங்கில் மேலே பார்த்துச் சொல்லிவிட்டு, தமிழில் என்னிடம் முணுமுணுத்தார்: "பதினோரு வெள்ளைத் துணி சார். துரு ஏறிச்சின்னா சாவற வரைக்கும் போவாது. என் பொண்ணு மூஞ்சிலயும் முழிக்க முடியாது."

வெள்ளிக்கிழமை பாஸ்டர் சத்தியநாதன் வந்து பார்த்துச் சிரித்தார். "இயேசு முழுகின யோர்தான்ல மட்டும் தண்ணி கண்ணாடி மாதிரியா இருந்துச்சு?"

"யோர்தானுக்கு வாட்ச்மேன் நானில்லியே பாஸ்டரே."

சனிக்கிழமை ஹோஸ் பைப்பை அடியில் விட்டு, வாயால் உறிஞ்சி இழுத்து, மண்டியை வாழைக்குத் திருப்பினார். இடுப்பளவு தண்ணீரில் நான்கு மணி நேரம், அங்குலம் அங்குலமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தார். அன்று சோறே சாப்பிடவில்லை.

ஞாயிறு காலை குளத்தின் அடியிலிருந்த ஓடு ஒவ்வொன்றும் தெரிந்தது. "கண்ணுக்குத் தெளிஞ்சா போதுமா? துணிக்குத் தெளியணுமே" என்றார். கேட்டுக்கு வெளியே பாட்டுச் சத்தம் நெருங்கிவந்தது. இஸ்திரி போட்டு மாட்டியிருந்த தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றினார். தண்ணீரில் முக்கினார், பிழிந்தார். காலரைத் திருப்பிப் பார்த்தார், கையிடுக்கைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாகத்தான் இருந்தது. நம்பாமல் இன்னொரு முறை முக்கிப் பிழிந்தார். பிறகு, சொட்டச் சொட்ட அதையே மாட்டி, கழுத்துப் பட்டன்வரை போட்டுக்கொண்டு, கேட்டைத் திறக்கப் போனார்.