ஐந்துக்கு ஐந்து

எங்கள் கம்பெனி விடுதியில் மாதக் கடைசியில் சாப்பாட்டுக்கு மதிப்பெண் போடச் சொல்லித் தாள் கொடுப்பார்கள். சாம்பாரில் பூச்சி மிதந்த மாதமும் ஐந்துக்கு ஐந்துதான் போட்டோம். குறைத்துப் போட்டவளை வார்டன் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேள்வி கேட்பார். சீ, அதுவும் ஒரு பிழைப்பு.

அந்தப் பழக்கத்தோடுதான் ஒரகடத்தில் எங்கள் டிவி கம்பெனியின் இருட்டறைக்குப் போனோம். புது மாடலில் படம் எப்படித் தெரிகிறது என்று சொல்ல, டிவி பூட்டும் லைனிலிருந்து பதினைந்து பெண்களை உட்கார வைத்தார்கள். பத்துப் பத்து விநாடிப் படத்துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண். "உங்க கண்ணுக்குத் தோணுறதைப் போடுங்க" என்றார் இன்ஜினியர். பின்னால் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். ஒரு வாரம் இதே வேலை. நாள் முழுக்க நின்று வீங்கிய கால்களுக்கு ஒரு நாற்காலி! அதற்காக நான் எதையும் செய்திருப்பேன்.

முதல் நாள் கண்ணுக்குத் தெரிந்ததைப் போட்டேன். சில துண்டுகளில் ஓடுகிறவனின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறியது. அதற்கு இரண்டு போட்டேன், சிலவற்றுக்கு ஒன்று. பக்கத்தில் இருந்தவர்கள் திரையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் ஐந்து ஐந்தாகப் போட்டுத் தள்ளினார்கள்.

மறுநாள் காலை சூப்பர்வைசர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இன்னாம்மா, எல்லாரும் அஞ்சு போட்டா நீ மட்டும் ரெண்டும் ஒண்ணுமா போட்டுக்கினு கீற? சராசரிக்கு ஒத்து வரலன்னு உன் தாளை எடுத்துட்டாங்க. இன்னிக்கும் இப்டித்தான்னா லைனுக்குப் போய்டு."

திரையைப் பார்த்துப் போட்ட ஒரே தாள், கழித்துப்போட்ட தாள்! போய் உட்கார்ந்தேன். மீதி நாளெல்லாம் நானும் ஐந்துதான் போட்டேன்.

சில மாதம் கழித்து விடுதிக்கு அந்த மாடலில் ஒரு டிவி வந்தது. நாங்கள் மதிப்பெண் போட்ட வாரமெல்லாம் லைனில் நின்ற என் அறைத்தோழி, எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரி, கபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஓடுதவன் மூஞ்சியே தெரியலயே. இதுக்கு எவ மார்க் போட்டா? நீயும் போனல்லா?"

"நான் ரெண்டுதான் போட்டேன். என் தாளைத் தூக்கிட்டாவ."

"நீ ஒருத்தியாவது உண்மையப் போட்டியே" என்று தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

என்மேலேயே காறித் துப்பத் தோன்றியது. முட்டையைத் தின்றேன்.