பக்கவாத்தியத்தின் மகள்

என் தம்பிக்கு நான் வைத்த பெயர் பக்கவாத்தியம். ஓர் இசைக்குழுவில் அவன் இரண்டாவது வயலின். பாட்டின் மெட்டை முதல் வயலின்காரர் வாசிப்பார்; கைதட்டலும் அவருக்குத்தான். இவன் பின்னால் உட்கார்ந்து அந்த மெட்டுக்குத் தோள் கொடுக்கிற வேறொரு வரியை வாசிப்பான். வீட்டிலும் அதே கதைதான். பெண்டாட்டி எது சொன்னாலும் ஒத்து ஊதுவான்.

அவன் மகள் குட்டிமா தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கேட்டது இந்த வரியைத்தான். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவன் பயிற்சி செய்தால், இவள் வெளியே உட்கார்ந்து காலை ஆட்டுவாள். வில் நின்றால் காலும் நிற்கும். அவன் எங்காவது பிசகினால் "ம்ஹும்" என்பாள். பேச்சுக்கு முன்பே முணுமுணுப்பு வந்துவிட்டது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்படிப்பட்டவள் பள்ளிக்கூடம் போன கொஞ்ச நாளில் வாயை மூடிக்கொண்டாள். குளிக்கும்போதுகூடப் பாட்டு இல்லை. துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வந்தது. ஆண்டு விழாவில் வகுப்பே சேர்ந்து ஒரு பாட்டுப் பாடுகிறதாம். இவளிடம் மட்டும், "நீ சும்மா வாயை அசைச்சா போதும்" என்று டீச்சர் சொல்லிவிட்டாராம்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. அப்பனையும் மகளையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

"எங்க பொண்ணுகிட்ட என்ன குறை டீச்சர்?"

"கோவப்படாதீங்கம்மா. இவ வேற எங்கயோ போயிடறா. மத்த பிள்ளைங்களும் தடுமாறுது. நீங்களே கேளுங்க."

குட்டிமா என் விரலைப் பிடித்துக்கொண்டு பாடினாள். எனக்கே சப்பென்று ஆகிவிட்டது. வார்த்தை அந்தப் பாட்டுதான். மெட்டு ஒட்டவே இல்லை. தம்பியைப் பார்த்தால், அவன் முகமெல்லாம் பல்லாக நிற்கிறான்.

"அக்கா, இது என் வரி! மேடைக்கு மேடை நாங்க வாசிக்கிற பாட்டு இது. நான் வாசிக்கிறது மேல வார்த்தையைப் போட்டுப் பாடறா! டீச்சர், நீங்க மெட்டைப் பாடுங்க. பாப்பா, நீ உன்னோடதை விடாதே."

இருவரும் பாடினார்கள். ஒட்டாமல் கிடந்தது இப்போது கச்சிதமாக உட்கார்ந்தது. அந்தச் சின்ன வகுப்பறையில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. டீச்சர் பாதியில் நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"அடடா, இவளையா வாயை மூடச் சொன்னேன்!"

"நிறுத்தாதீங்க டீச்சர்! இன்னொரு தடவை!" என்று குட்டிமா அவர் கையை உலுக்கினாள்.

விழாவில் வகுப்பு முழுக்க மெட்டைப் பாட, அவள் மட்டும் அப்பாவின் வரியைப் பாடினாள். கைதட்டல் ஓயுமுன் ஓடிவந்து அவன் மடியில் ஏறிக்கொண்டாள்.

"அப்பா, நம்ம பாட்டுக்கு எல்லாரும் நல்லா பக்கவாத்தியம் பாடினாங்கல்ல?"

"ஆமாம்டா செல்லம்" என்றான் தம்பி. ஒத்து ஊதுவது அவனுக்குப் பழக்கம்தானே. கண்ணைத் துடைத்துக்கொண்டது மட்டும் புதுசு.