இரெனியுஷுக்கு முடிசூட்டிய நாள்

எங்கள் க்னியெஸ்னோ ஊரில், போலந்தின் முதல் அரசர் போலெஸ்வாஃப் முடிசூடியதை ஆண்டுதோறும் ஏப்ரலில் தெருவில் நடித்துக் காட்டுவோம். பஸ் ஓட்டுநர் இரெனியுஷ் எப்போதும் ஈட்டி பிடிக்கும் காவலன்தான். ஆயிரமாவது ஆண்டுக்கு அவரையே ராஜாவாக்குவதென்று முடிவு செய்தோம். விழாவுக்கு முந்தைய குளிர்காலத்தில் அவருக்குப் புற்றுநோய் வந்தது. சிகிச்சையில் தலைமயிர் முழுக்க உதிர்ந்துபோனது.

"வேற யாராச்சும் நடிக்கட்டுமே," என்றாள் மனைவி ஹலினா.

"முடியில்லாத தலைக்குத்தான்டி முடி சூட்டணும். நீ கம்முனு இரு," என்று சிரித்தார்.

விழா நாளில் கதீட்ரல் வாசலில் அவர் மண்டியிட்டார். பேராயராக நடித்த நான் கிரீடத்தை வைத்தேன். அவரால் எழ முடியவில்லை. கூட்டம் அதையும் நடிப்பென்று நினைத்துக் கைதட்டியது. நான் குனிந்து தோளைப் பிடித்தேன்.

"அவசரப்படுத்தாதப்பா. ராஜா மெதுவாத்தான் எழுந்திருப்பாரு," என்று முனகினார்.

போலெஸ்வாஃப் முடிசூடிய சில வாரங்களிலேயே இறந்துபோனவர். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும்; இரெனியுஷ் எதிரில் மட்டும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் ஜூன் வரைதான் இருந்தார்.

மறு ஆண்டு ஹலினா தனியாக வந்து கூட்டத்தோடு நின்றாள். புது ராஜா மண்டியிட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நான் கூப்பிடவில்லை.